எட்டாவது மாடி வாளி

"இதைக் கட்டினவனுங்க யாரு தம்பி, உனக்குத் தெரியுமா?"

"பெரிய கொம்பனிக்கா."

பேச்சு அவ்வளவுதான். எட்டாவது மாடிக் கழிவறைக்கு வெளியே, ஒழுகலுக்கு வைத்த நீல நிறப் பெயிண்ட் வாளியைக் காலால் நகர்த்திக்கொண்டே, துப்புரவு செய்யும் அந்த அக்கா கேட்டார். லிஃப்ட் வந்தது, ஏறிவிட்டேன். வரிக் கணக்குக்காக அந்த மாடிக்கு அடிக்கடி போகிறவன் நான். சொன்னது பொய்யும் இல்லை, பெரிய கொம்பனிதான். ஆனால் அதற்கு நேர் மேலே, ஒன்பதாவது மாடிக் கழிவறைத் தரைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

மலேசியாவின் நீலாயில் செம்பனையைச் சாய்த்துவிட்டு எழும்பிய கட்டடங்களில் அதுவும் ஒன்று. நான் அங்கே சைட் சூப்பர்வைசர். கழிவறைத் தரைக்கு வாட்டர்புரூஃபிங் பூசிக் காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் கட்ட வேண்டும். சுவரில் பென்சில் கோடு போட்டுவிட்டு 24 மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். அப்புறம் கீழ் மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். குறிப்பாகக் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தை. பூச்சு நன்றாக இருந்தாலும் குழாயைச் சுற்றி அடைத்த சாந்து சுருங்கினால் போச்சு. ஒழுகினால் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும்.

மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் கட்டினோம். மறுநாள் காலை ஒன்பதுக்கு டைல்ஸ் ஆட்கள் சிமெண்டைக் குழைத்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பூச்சு வேலை எடுத்த தம்பி எங்கள் தோட்டத்துப் பையன்தான். கோட்டுக்குக் கீழே அரை விரல் அளவு இறங்கியிருந்தது.

"காத்துல உலந்திருக்கும்ண்ணே."

"கீழ பாத்தியா?"

"பாத்தேன்ண்ணே. காஞ்சுதான் கிடக்கு."

சரி என்று கையெழுத்துப் போட்டேன். பாரத்தில் '24 மணி' என்று அச்சடித்திருந்தது, பக்கத்தில் ஒரு சரி குறி. பதினாறு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அது பெரிய குற்றம் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அந்த சைட்டில் எல்லா மாடிக்கும் அப்படித்தான் நடந்தது. ஒப்படைப்பு தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம். டைல்ஸ் ஆட்களுக்கு நாள் கூலி. என்னை உறுத்துவது வேறு. கீழே போய்ப் பார்க்க எனக்கு ஒரே ஒரு மாடி. இருபது படி இருக்கும். நான் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை? அவன் பொய் சொல்ல மாட்டான் என்ற நம்பிக்கை ஒன்று. இறங்கிப் பார்த்தால் எதையாவது பார்த்துவிடுவேனோ என்பது இன்னொன்று. இரண்டில் எது முதலில் வந்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

2007க்குப் பிறகு, கட்டடத்தில் குடியேறலாம் என்று சொல்லும் சி.எஃப். சான்றிதழ் வாங்க நகராண்மைக் கழகத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வேலை வாரியாகக் கையெழுத்தான 21 ஜி பாரங்களையும் சேர்த்து வைத்து, அதற்குப் பதிலாக சி.சி.சி. என்ற சான்றிதழைக் கொடுக்கிறார். அந்தத் தாள்களுக்கெல்லாம் அடியில் என்னுடையதைப் போன்ற தாள்கள் கிடக்கும். மேலே கையெழுத்துப் போடுகிறவர் என்னை நம்பினார், நான் அந்தத் தம்பியை நம்பினேன். அவன் யாரை நம்பினானோ.

1993இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் இறந்ததிலிருந்து, கட்டடம் என்றால் எங்களுக்கு மலைச் சரிவும் அஸ்திவாரமும்தான் பயம். ஒழுகலுக்கு யார் செத்தார்கள் என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். வீடு வாங்கியவருக்காவது சாவி கையில் வந்த நாளிலிருந்து 24 மாதத்துக்குப் பழுது பார்த்துத் தர வேண்டும் என்று சட்டம் உண்டு. அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தில் எழுதியதுதான். அந்தக் காலமும் முடிந்து பல வருடம் ஆகிறது. இப்போது அந்த இடத்தில் சீலிங் பலகை பழுப்பேறித் தொங்குகிறது, ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்திருக்கிறது. தினமும் வாளியைத் தூக்கிக் கொட்டுவது அந்த அக்கா. "தோட்டத்து லயத்து வீட்டுல தகரம் ஒழுகுனா சட்டி வைப்போம் தம்பி, இங்க வாளி" என்று ஒரு தடவை சிரித்தார். நானும் சிரித்தேன்.

அது என் தரையாகவே இல்லாமலும் இருக்கலாம். மேலே தண்ணீர் வரும் குழாயில் இணைப்பு விட்டிருந்தால் அது பிளம்பர் வேலை, எனக்குச் சம்பந்தமில்லை. கண்டுபிடிப்பதும் சுலபம். அந்தக் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சொட்டும். தரையோ வடிகால் வாயோ என்றால் மேலே யாராவது புழங்கினால்தான் சொட்டும். சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டிக் கிடக்கும். திங்கட்கிழமை காலையில் வாளியில் தண்ணீர் இருக்குமா, காய்ந்திருக்குமா என்று அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

போன மாதம் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அவர் அங்கேதான் இருந்தார். கணக்கர் சௌக்கியமா, மழை எப்படி என்றெல்லாம் பேசினோம்.