இருமினால் கசியும் சிறுநீர்: அல்ட்ராசவுண்டில் எதை அளக்க வேண்டும்?

அளக்க வேண்டியது, முக்கும்போது சிறுநீர்ப்பையின் கழுத்து (பை சிறுநீர்ப் புறவழியோடு சேரும் இடம்) எவ்வளவு இறங்குகிறது என்பதை. இதற்கு வயிற்று ஸ்கேனுக்கான வளைந்த ப்ரோபே (உடலில் வைத்துப் படமெடுக்கும் கருவி) போதும். ஜெல் தடவி, பவுடர் இல்லாத கையுறையைக் குமிழி தங்காமல் இழுத்து மாட்டுங்கள். ஒரு சிறு காற்றுக் குமிழி படத்தில் கறுப்புப் பட்டையாக விழும். பரிசோதனைக்கு முன் சிறுநீர் கழித்திருக்க வேண்டும். நிரம்பிய சிறுநீர்ப்பையின் கழுத்து முக்கும்போது சரியாக இறங்காது.

யோனி இதழ்களை விலக்கி, ப்ரோபை நடுக்கோட்டில் நெடுக்காக வையுங்கள். பூப்பெலும்பு (இடுப்பின் முன்பக்க எலும்பு), சிறுநீர்ப் புறவழி (சிறுநீர் வெளியேறும் குழாய்), சிறுநீர்ப்பை, யோனி, ஆசனக் குழாய் எல்லாம் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

பூப்பெலும்பின் கீழ்ப்பின் விளிம்பு வழியே ஒரு கிடைக்கோடு. ஓய்வில் பையின் கழுத்து கோட்டுக்கு மேலே 28 மி.மீ., முக்கும்போது கீழே 4 மி.மீ. என்றால் இறக்கம் 32 மி.மீ. இங்கே கழித்துவிடுபவர்கள் உண்டு. கோட்டைத் தாண்டினால் கூட்டத்தான் வேண்டும். பொதுவாக 25 மி.மீ.க்கு மேல் போனால் அதிக அசைவு என்பார்கள். புறவழியின் மேல்முனை புனல்போல் விரிகிறதா என்றும் பாருங்கள்.

பெரும்பாலும் தப்பு நடப்பது முக்கும் கட்டத்தில்தான். குறைந்தது 6 விநாடி முக்க வேண்டும். கசிந்துவிடுமோ என்ற கூச்சத்தில் பலர் இடுப்புத்தள தசையை இறுக்கிக்கொள்வார்கள். ஆசனக் குழாய் பூப்பெலும்பை நோக்கி முன்னே நகர்ந்தால் அதுதான் அறிகுறி. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, மூன்று முறையாவது செய்யவைத்து, அதிக அளவை எடுங்கள். ப்ரோபை அழுத்திப் பிடித்தாலும் இறக்கம் குறைந்தே காட்டும்.

கசிவே இல்லாத பெண்களிடமும் அசைவு கூடுதலாக இருக்கலாம். ஆகவே இந்த எண்ணை மட்டும் நம்பி அறுவை சிகிச்சை முடிவு வேண்டாம். இருமச் சொல்லிக் கசிவைப் பார்க்கும் இருமல் சோதனையையும் சேர்த்தே பாருங்கள்.