பண்ருட்டிப் பலாவில் ஒரு பேஸ் கிட்டார்: பெயிண்டுக்குப் போன மூன்று மாதம்

பாடியை அறுத்து, ஓரங்களை உருட்டி, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்புக்குக் குழி தோண்டி முடித்தது புரட்டாசிக் கடைசியில். பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன். கம்பி மாட்டி முதல் சுரம் கேட்டது தை பிறந்த பிறகுதான். நடுவில் போன நாளெல்லாம் பெயிண்டுக்கு.

மரம் பண்ருட்டிப் பலா. தஞ்சாவூர் வீணைக்குப் போகும் மரம். கடலூரில் இருக்கும் எனக்கு அது பக்கத்து ஊர்ச் சரக்கு. மரவாடியில் இரண்டு பலகை வாங்கி ஒட்டி, 45 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்தேன். வடிவம் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரெசிஷன் பேஸை ஒட்டியது, 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). கழுத்தான நெக்கை மட்டும் ரெடிமேடாக வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஒரே சிவப்பாக அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உப்புத்தாள் போட ஆரம்பித்ததும் மனசு மாறிவிட்டது. 120, 180, 240 என்று ஏற ஏற, மஞ்சள் கிழங்கை உரசியது போல ஒரு நிறம் வெளியே வந்தது. தூள்கூட மஞ்சள். தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் துணியிலும் மஞ்சள் ஏறியது. பலாவின் வைரக் கட்டையைக் காய்ச்சித்தான் அந்தக் காலத்தில் புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயம் எடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட மரத்தைப் பெயிண்டுக்கு அடியில் புதைக்க எனக்கு மனசு வரவில்லை. சன்பர்ஸ்ட் என்று முடிவு செய்தேன்: நடுவில் மரத்தின் சொந்த மஞ்சள், ஓரத்தில் வால்நட் ஸ்டெயின் கலந்த கரும்பழுப்பு.

பலாவுக்குத் துவாரம் அதிகம். அடைக்காமல் லாக்கர் அடித்தால் காய்ந்தபின் ஊசி குத்தியது போலக் குழி தெரியும். சாக் பவுடர் பட்டி வேண்டாம், நிறமில்லாத கிளியர் லாக்கருக்கு அடியில் வெள்ளைக் கோடாக நிற்கும். இழைத்த மரத்தின் தூளையே சீலரில் (துவாரம் அடைக்கும் அடிப்பூச்சு) குழைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் ரேகைக்குக் குறுக்கே இழுத்துத் தேய்த்தேன். காய்ந்ததும் 320. மறுபடி ஒரு கை. அதற்குமேல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர் மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் லேசாகத் தாள்.

நெக் உட்காரும் குழியில் ஒரு ரீப்பரைத் திருகி, அதையே கைப்பிடியாக்கி, மொட்டை மாடிக் கொடிக்கம்பியில் பாடியைத் தொங்கவிட்டேன். கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சாதாரணத் துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் அடுப்பும் எரியக் கூடாது.

பர்ஸ்ட் அடித்தது ஒரு காலை. ஸ்ப்ரே கன்னை நடுவிலிருந்து வெளியே பார்க்கச் சாய்த்துப் பிடித்து, ஓரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தேன். ஐந்தாவது சுற்றில் மஞ்சள் பழுப்புக்குள் கரைகிற இடம் பழுத்த வாழைப்பழத் தோல் போல வந்தது. நிறுத்தியது அங்கேதான்.

இரண்டு நாள் கழித்துக் கிளியர். ஐப்பசி வானம் மூட்டமாக இருந்தது, மழை மட்டும் இல்லை. மழை இல்லையே என்று அடித்துவிட்டேன். பத்து நிமிடத்தில் பாடி முழுக்க மோர் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. அந்த மஞ்சளைக் காணோம். அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் எங்கள் தெருவில் கார் பெயிண்ட் அடிக்கிற அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரக் காத்துல அடிச்சிருக்கே தம்பி. சுரண்டிடாதே. நல்ல வெயில் வரட்டும், ரிட்டார்டர் மட்டும் பனி மாதிரி ஒரு கை விடு" என்றார்.

காரணம் இதுதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வேர்ப்பது போலக் காற்றின் ஈரம் அதில் படிந்து, காயும் படலத்தோடு சிக்கிக்கொள்கிறது. ரிட்டார்டர் மெதுவாக ஆவியாகும் தின்னர். என்.சி. லாக்கர் காய்ந்த பிறகும் தன் தின்னரில் மறுபடி கரையும், அதனால் படலம் இளகி ஈரத்தை வெளியே விடுகிறது. நாலு நாள் கழித்து வெயில் வந்தது. அடித்தேன். கண் முன்னாலேயே வெள்ளை விலகி, ஒரு மூலையிலிருந்து மஞ்சள் திரும்பி வந்ததை என்னால் மறக்க முடியாது. பி.யு. (பாலியூரிதேன்) அடித்திருந்தால் இப்படித் திருத்த வழியே இல்லை. கடலோரத்தில் இருந்துகொண்டு என்.சி. எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த ஒரு காலைதான்.

நம் பர்னிச்சர் பட்டறைகளில் இன்றும் சொல்கிற 'டூகோ' இந்த வம்சம்தான். டூபாண்ட் கம்பெனி 1920-களில் கார்களுக்கென்று கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டின் பெயர் அது. ஃபெண்டரும் கார் நிறங்களையே கிட்டாருக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஃபியஸ்டா ரெட் 1956 தண்டர்பேர்ட் காரின் நிறம்.

அதன்பிறகு வெயில் நாளாகப் பார்த்து எட்டு கோட். மார்கழி முழுக்கத் தொடவில்லை. பிக்கப் குழியில் மூக்கை வைத்து முகர்ந்து, தின்னர் வாசனை அடியோடு போன பிறகே தண்ணீர்த் தாளை எடுத்தேன்: 800, 1000, 1500, 2000. கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜின் திருகு ஓட்டைகளில் தண்ணீர் இறங்கினால் மரம் ஊதிச் சுற்றியுள்ள லாக்கர் தூக்கிக்கொள்ளும் என்பதால் மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தேன். ஓரங்களில் அழுத்தவே கூடாது, படலம் அங்கேதான் மெல்லிசு. கடைசியில் காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்ட்.

நெக் குழிக்குள் போகவில்லை. ரீப்பர் அடிப்பக்கத்தை மறைத்ததே தவிர, பக்கச் சுவர்களில் லாக்கர் ஏறியிருந்தது. தட்டி இறக்கினால் மூலையில் விரிசல் விடும். பிளேடை நிமிர்த்திப் பிடித்து, மரம் தெரியும்வரை சுவரை மட்டும் சுரண்டினேன். அரை மணி நேர வேலை. பிறகு கையால் அழுத்தியதும் உட்கார்ந்தது. குழிகளில் தாமிர டேப், வயரிங் எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன.

அடி ஈ கம்பி, 41 ஹெர்ட்ஸ். பாடியை நெஞ்சோடு அணைத்துத் தட்டியபோது விலா எலும்பில் கேட்டது.

ரப்பர் வைத்த ஸ்டாண்டில் சாய்த்தால் லாக்கர் இளகித் தழும்பாகும், அதனால் சுவரில் மர முளையில் தொங்குகிறது. பலா வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவந்த பழுப்பாகும் மரம். முன்பக்கம் திருகிய பிக்கார்டுத் தகட்டுக்கு அடியில் மட்டும் இந்த மஞ்சள் நிற்கும். அடுத்த தைக்கு அதைக் கழற்றி இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.