டெக்சஸில் தகுதியுள்ள வாக்காளர்களை இனவாரியாகக் கணக்கிடும்போது

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டெக்சஸில் ஹிஸ்பானியர் (ஸ்பானிய மொழி நாடுகளின் வம்சாவளியினர்) அல்லாத வெள்ளையர் 39.7 சதவீதம், ஹிஸ்பானியர் 39.3 சதவீதம். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. 18 வயது நிரம்பிய குடிமக்களை மட்டும் பிரித்தெடுத்தால் வெள்ளையர் ஏறத்தாழப் பாதி ஆகிவிடுகிறார்கள்; ஹிஸ்பானியர் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் வருகிறார்கள். குடியுரிமை இல்லாததே காரணம் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஹிஸ்பானியரில் சிறுவயதினர் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் அங்கேயே பிறந்த குடிமக்கள். இன்னும் 18 ஆகவில்லை, அவ்வளவே. வயதால் குறைவதையும் குடியுரிமையால் குறைவதையும் தனித்தனியே காட்டாத அறிக்கை அந்தப் பிள்ளைகளை அந்நியர்களாக்கிவிடுகிறது.

2020 கணக்கெடுப்பில் குடியுரிமை பற்றிய கேள்வி கிடையாது. எனவே அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே என்ற மாதிரிக் கணக்கெடுப்பின் 5 ஆண்டுத் தரவிலிருந்து சென்சஸ் பீரோ வெளியிடும் சி.வி.ஏ.பி. (வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்கள் தொகை) கோப்பைத்தான் எடுக்க வேண்டும். அதில் ஓர் இடத்துக்கு 13 வரிகள். முதல் வரி மொத்தம், 2-ஆவது ஹிஸ்பானியர் அல்லாதவர், 13-ஆவது ஹிஸ்பானியர். 3 முதல் 12 வரை 2-ஆவது வரியின் உட்பிரிவுகள். புதிதாக வருபவர்கள் எல்லா வரிகளையும் கூட்டிவிடுவார்கள். மக்கள்தொகை இரு மடங்கைத் தாண்டிப் போகும். 2-ஐயும் 13-ஐயும் கூட்டினால் முதல் வரி வருகிறதா என்று முதலில் பாருங்கள். சிறு வித்தியாசம் வந்தால் பயப்பட வேண்டாம்: 1 முதல் 7 வரையான எண்களை 4 என்றும், அதற்கு மேற்பட்டவற்றை 5-இன் மடங்காகவும் மாற்றித்தான் தருகிறார்கள். கறுப்பினத்தவரை எண்ணும்போது 5-ஆவது வரியோடு நிறுத்தாமல், கறுப்பர்–வெள்ளையர் கலப்பினரைக் காட்டும் 10-ஆவது வரியையும் சேர்ப்பது வாக்குரிமை வழக்குகளில் வழக்கம்.

இந்தக் கோப்பின் மிகச்சிறிய நில அலகான பிளாக் குரூப்பில்தான் பெரிய சிக்கல். மதிப்பீடு 40, பிழை வரம்பு (உண்மை எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது) 45 என்பது போன்ற வரிகள் அங்கே சாதாரணம். பலவற்றைச் சேர்க்கும்போது பிழை வரம்புகளை நேராகக் கூட்டக்கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 30-ம் 40-ம் சேர்ந்தால் 50, 70 அல்ல. சிறுபான்மையினருக்கெனத் தேர்தல் தொகுதி கோரும் வழக்கில் அத்தொகுதியில் அவர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்று 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த பிறகு, 50.3 சதவீதம் என்று ஒற்றை எண்ணை மட்டும் எழுதி வைப்பது பொறுப்பற்ற செயல்.

ஆசியர் என்ற ஒரே வரிக்குள் இந்தியர், வியட்நாமியர் எல்லோரும் அடங்கிவிடுகிறார்கள். கிரீன் கார்டுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் டாலஸ் புறநகர்த் தமிழர்கள் மொத்த மக்கள்தொகையில் உண்டு, இந்தக் கணக்கில் இல்லை.

சிறைக் கைதிகள் நிலை நேர்மாறு. டெக்சஸில் கடுங்குற்றத் தண்டனை முடியும்வரை வாக்கில்லை. பரோலில் இருந்தாலும் இல்லை. ஆனால் சர்வே அவர்களையும் வயதுவந்த குடிமக்களாகவே எண்ணுகிறது. ஹண்ட்ஸ்வில் சிறைகள் உள்ள வாக்கர் கவுன்டி போன்ற இடங்களில், 2020 கணக்கெடுப்பின் தொகுதி மறுவரையறைத் தரவிலுள்ள பி5 அட்டவணையில் சிறைவாசிகள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டுத்தான் சதவீதம் போட வேண்டும்.