திஸ்ர நடையில் ஒரு தீவு

நான் வடிவமைத்து வரும் கணினி விளையாட்டில் மதிப்பெண் இல்லை, எதிரி இல்லை, வழிகாட்டும் அம்புக்குறியும் இல்லை. மொரீசியஸின் தென்மேற்குக் கரையை ஒத்த சிறு தீவொன்றில் ஆட்டக்காரர் நடக்கிறார். கரும்புத் தோட்டங்களின் நடுவே குவித்து வைத்த கருங்கற்கள், கரையோரச் சவுக்கு மரங்கள், லெ மோர்ன் போன்ற ஒரு பாறைமலை: காட்சி இவ்வளவுதான். அருகில் செல்லச் செல்ல ஒவ்வொன்றும் ஒலிக்கிறது. அந்த ஒலிகள் சேர்ந்தே இசையாகின்றன. 2013-இல் எட் கீயும் டேவிட் கனாகாவும் உருவாக்கி வெளியிட்ட ப்ரோட்டியஸ் இவ்வழியில் முன்னே சென்ற விளையாட்டு. அதில் தீவு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும். ஆட்டக்காரர் இடங்களைக் காதாலேயே நினைவில் கொள்ள வேண்டும் என்று விரும்புவதால், நான் தீவை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

கால் உடனே பதில் கேட்கிறது, தாளமோ தன் இடம் வரும்வரை பொறுக்கச் சொல்கிறது. இதுதான் இந்த வேலையின் மையச் சிக்கல். கல்லைக் கடந்த கணமே சுரம் ஒலித்தால் தாளம் சிதறும். ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, முடியும்வரை நிறுத்தி வைத்தால் கல்லுக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். எங்கள் மொரீசியஸின் நாட்டார் இசையான செகாவில்தான் இதற்கு வழி கிடைத்தது. ரவான் பறையில் விழும் ஆறெட்டுத் (6/8) தாளத்தை நம் வழக்கில் சொன்னால், திஸ்ர நடையில், அதாவது ஒவ்வொன்றும் மூன்றாகப் பிரியும், இரண்டு தாள அடிகள். நிமிடத்துக்கு 100 தாள அடி என்று வைத்தால் ஓர் அடிக்கு 0.6 விநாடி, அதில் மூன்றிலொரு பங்கு 0.2 விநாடி. கல், மரம் போன்ற சிறு பொருள்களின் ஒலி அடுத்து வரும் 0.2 விநாடிப் புள்ளியிலேயே விழுவதால், காது அதை உடனடிப் பதிலாகவே ஏற்றுக்கொள்கிறது. தோட்டத்தை விட்டுக் கடற்கரைக்கு வரும்போது நிகழும் பெரிய மாற்றம் மட்டும், அதிகபட்சம் 1.2 விநாடி, இரண்டு அடியும் முடியக் காத்திருக்கிறது.

சுரங்களை மோகன ராகத்திலிருந்து எடுத்தேன். ச, ரி, க, ப, த என்ற ஐந்தில் எந்த இரண்டுக்கும் இடையே அரைச்சுர இடைவெளி இல்லாததால், ஆட்டக்காரர் எந்த வரிசையில் நடந்தாலும் உரசல் எழாது. இரவில் இந்த க-வை, அதாவது அந்தர காந்தாரத்தை, அரைச்சுரம் தாழ்த்திச் சாதாரண காந்தாரமாக்கினால் போதும், அதே கற்கள் சிவரஞ்சனி ராகம் பாடுகின்றன. இரண்டு காந்தாரங்களும் அடுத்தடுத்துக் கேட்டால் ராகம் குழம்பும் என்பதால், அந்தி நேரத்தில் காந்தாரக் கற்கள் சற்று நேரம் வாய் திறப்பதில்லை. இரவில் ரிஷபமும் (ரி) காந்தாரமும் நெருங்கிவிடுவதால், அவை ஒரே புள்ளியில் விழாமலும் தடுத்திருக்கிறேன்.

போர்ட் லூயிஸ் கோயில்களில் ஒலிக்கும் நாகசுரத்தையும் சேர்க்கும்படி நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. நாகசுரத்தின் உயிர் சுரங்களுக்கு இடையிலான கமகத்தில், அதாவது சுரத்தை வளைத்தும் அசைத்தும் இசைப்பதில், இருக்கிறது. அதைத் தனித்தனிச் சுரங்களாக நறுக்கிக் கற்களுக்குப் பங்கிட்டால் அந்தக் கருவிக்கே நியாயம் செய்ததாகாது. ரவானின் அடி தனித்து நிற்கும். ஆட்டுத்தோலைத் தீயில் காய்ச்சி, விறைப்பேறிய பிறகே பதிவு செய்ய வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத்தனம் வந்துவிடுமாதலால், ஒவ்வோர் அடிக்கும் பல பதிவுகள் வைத்து, ஒன்றே அடுத்தடுத்து வராதபடி நிரல் எழுதியிருக்கிறேன்.

ஆட்டக்காரர் நின்றுவிட்டால் ஒலியடுக்குகள் ஒவ்வொன்றாக விலகும். அடியில் நீண்டொலிக்கும் சுருதி மட்டும் நிற்காது, ஏனெனில் மீண்டும் நடக்கும்போது எழும் முதல் சுரத்துக்கு ஆதாரம் வேண்டும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் தாழ்ந்த சட்ஜம் (ச) கேட்பதில்லையாதலால், மேல் சட்ஜத்தையும் அதனுடன் மெலிதாகச் சேர்த்திருக்கிறேன்.