கண்ணாடிப் பனி

நவம்பர் 24, ஞாயிறு

காருக்குக் குளிர்கால டயர் மாட்டியாயிற்று. இன்னும் ஒரு பொட்டுப் பனிகூட விழவில்லை, அதற்குள் என்ன அவசரம் அக்கா என்று தம்பி கேட்டான். அவன் இந்தக் குளிருக்கு வந்து ஏழு மாதம். ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து இரண்டு மாதம். என் முதல் வருடத்தில் நானும் இதையேதான் கேட்டேன்.

டயர் விஷயத்தில் பார்க்க வேண்டியது பனியை அல்ல, குளிரை. வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். இறுகிய ரப்பர் சாலையின் சொரசொரப்பில் அழுந்தி உட்காராது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகி இருக்கும்படி சேர்க்கப்பட்டது. சாலையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டைகளில் மயிரிழை போலக் கீறல்கள் ஓடும். சக்கரம் உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்விக்கொள்ளும். கழற்றிய டயரையும் மாட்டிய டயரையும் நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்திப் பார்த்தவன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் காரை எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. பனி விழுந்ததா இல்லையா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. சரியான சட்டம்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்படிகமும் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த முத்திரை, பனியில் ஓட்டிச் சோதித்த டயருக்குத்தான் உண்டு. இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன்: மாற்றினால் நான்கையும் மாற்ற வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் மாற்றிய கார், திருப்பத்தில் பின்பக்கம் விலகிச் சுழன்றுவிடும்.

டிசம்பர் 3, செவ்வாய்

இரவெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கிறது. காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் காரைக் காணவில்லை, வெள்ளையாக ஒரு மேடுதான் இருந்தது. கையை விட்டு அளந்தேன், ஒரு சாண் ஆழம்.

தம்பி முன் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான். கூரையைக் காட்டினேன். புதுப்பனி ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோ எடை இருக்கும்; நனைந்த பனி அதைவிடக் கனம். கூரை இரண்டு சதுர மீட்டர், அதன்மேல் 20 சென்டிமீட்டர் பனி என்றால் 40 கிலோ. முதல் பிரேக்கிலேயே அந்த நாற்பது கிலோவும் சரிந்து முன் கண்ணாடியில் விழும். இல்லையென்றால் வேகச் சாலையில் பாளமாகப் பெயர்ந்து பின்னால் வருகிறவர் முகத்தில் அறையும். அடுத்தவர் உயிரும் நம் கூரையில்தான் இருக்கிறது என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

கண்ணாடியில் ஒட்டிய உறைபனியைச் சுரண்டக் கால் மணி நேரம் ஆயிற்று. வெந்நீர் ஊற்றலாமா என்றான். கூடவே கூடாது, கண்ணாடி விரிசல் விட்டுவிடும். சுரண்டியைச் சாய்த்துப் பிடித்து ஓரத்திலிருந்து உள்நோக்கித் தள்ளினால் உறைபனி சுருள் சுருளாக வரும். முதலில் ஓர் உள்ளங்கை அளவு தெளிந்தது. அதன் வழியே தெருவிளக்கின் மஞ்சள் தெரிந்தது. அந்த ஓட்டை போதும் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது.

உள்ளே ஏறிய பிறகு மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும். ஹீட்டரோடு ஏசியையும் போட வேண்டும். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிட வேண்டும்.

வைப்பர் அசைந்தபோது மேரி ஆண்டர்சன் நினைவுக்கு வந்தார். நியூயார்க்கில் ஒரு குளிர்நாளில், டிராம் ஓட்டுநர் பனிமழையில் வழி தெரியாமல் கண்ணாடியைத் திறந்துவைத்து நனைந்தபடி ஓட்டியதைக் கண்ட பெண் அவர். வண்டிக்குள்ளிருந்தே கையால் இயக்கும் வைப்பரை வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்றார். நான் வைப்பரைப் போடும் ஒவ்வொரு முறையும் அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆள் இல்லாத பெரிய வாகன நிறுத்துமிடம். அனுமதி கேட்டுக்கொண்டு தம்பியைக் கூட்டிப்போனேன். இந்தப் பயிற்சியைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்க முடியாது, உடம்புக்குத் தெரிய வேண்டும்.

முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக்கை முழுதாக மிதி என்றேன். மிதித்தான். காலடியில் பெடல் கடகடவென்று துடித்தது. பதறிப்போய்க் காலை எடுத்துவிட்டான். "அக்கா, ஏதோ உடைஞ்சு போச்சு!" ஒன்றும் உடையவில்லை. ஏ.பி.எஸ். வேலை செய்கிறது. சக்கரம் இறுகி நின்றுவிடாதபடி அது பிரேக்கை நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்தத் துடிப்புதான் காலுக்குத் தெரிகிறது. காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருக்க வேண்டும். ஆனால் ஏ.பி.எஸ். காரைச் சீக்கிரம் நிறுத்துவதற்காக வந்ததல்ல, பிரேக் பிடித்துக்கொண்டே திருப்ப முடிவதற்காக வந்தது. உதிரிப்பனியில் நிற்கும் தூரம் இன்னும் கூடவும் செய்யும்.

அடுத்தது சறுக்கல். பின்பக்கம் விலகும்போது கண் தானாகவே எதன்மேல் மோதப்போகிறோமோ அதைப் பார்க்கும். பார்வையை அங்கிருந்து பிடுங்கி, போக வேண்டிய திசையில் வைக்க வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை அந்தத் திசைக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும். பத்து முறை செய்தான். ஏழாவது முறையில் கை தானாகவே திரும்பியது. அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீடு திரும்பியதும் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 50 கிலோமீட்டர் வேகம், காய்ந்த சாலை, உராய்வு எண் (சாலை டயரைப் பிடிக்கும் அளவு) 0.7 என்றால், பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க 14 மீட்டர். வழுக்கும் பனிக்கட்டியில் உராய்வு எண் 0.1 என்றால் 98 மீட்டர். அதே கார், அதே கால், ஏழு மடங்கு தூரம். நான்கு சக்கர இழுவை உள்ள காருக்கும் இதேதான். அது கிளம்புவதற்குக் கைகொடுக்கும், நிற்பதற்குக் கொடுக்காது.

டிசம்பர் 20, வெள்ளி

இன்று உயிர் பிழைத்தேன். மிகைப்படுத்தவில்லை.

ஒரு வாரமாகப் பனி இல்லை. சாலை சுத்தமாகக் கறுப்பாக இருந்தது. நேற்று மாலை கொஞ்சம் தூறிவிட்டு இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது. ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது சாலை நனைந்தாற்போல் மின்னியது. முன்னால் போன காரின் சக்கரத்தைப் பார்த்தேன். நனைந்த சாலை என்றால் பின்னால் நீர் தெறிக்க வேண்டும். ஒரு துளி தெறிக்கவில்லை.

அடுத்த கணம் என் டயரின் இரைச்சல் அறுந்துபோனது. இஞ்சின் முனகலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. ஸ்டியரிங் எதனோடும் பிணைக்காததுபோல லேசாகிவிட்டது. பிரேக்கைத் தொடவில்லை, திருப்பவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டேன். மூன்று நொடி இருக்கும். பாலம் முடிந்ததும் இரைச்சல் திரும்பி வந்தது. எதிரே ஒரு கார் கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்றது. ஓட்டியவர் வெளியே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார், காயம் இல்லை.

பாலம் முதலில் உறைவதற்குக் காரணம் உண்டு. தரைச் சாலைக்கு அடியில் மண் கொஞ்சம் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். பாலத்துக்கு மேலும் குளிர்காற்று, கீழும் குளிர்காற்று.

முன்பனி, பின்பனி என்று பனிக்கு இரண்டு பருவமே வைத்த மொழி நம்முடையது. ஆனால் அந்தப் பனி, புல்நுனியில் நிற்கும் துளி. சாலை நிறத்திலேயே படிந்து கிடக்கும் இதற்கு நான் கண்ணாடிப் பனி என்று பெயர் வைத்திருக்கிறேன். இத்தனை வருடமாக வெள்ளையைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். வெள்ளை எச்சரித்துவிட்டுத்தான் வருகிறது. கறுப்பாகத் தெரியும் சாலையில்தான் இனி எனக்குக் கண்.

ஜனவரி 6, திங்கள்

மைனஸ் 19. கார் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிவிட்டது. இந்தக் குளிரில் பேட்டரிக்குப் பாதி வலுதான் மிஞ்சும். இஞ்சின் எண்ணெயோ தடித்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் தன் பேட்டரியிலிருந்து கம்பி போட்டு உயிர் கொடுத்தார். டயர்க் காற்றும் இறங்கியிருந்தது. ஐந்தாறு டிகிரி குளிர் கூடினால் ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் குறையும்.

சாலையில் உப்பு கொட்டிக் கிடந்தும் பனி அப்படியே இருந்தது. மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு பனியை உருக்கத் திணறும். மணல் தூவியிருந்த இடங்களில் மட்டும் பிடிமானம் கிடைத்தது.

ஜனவரி 22, புதன்

இரவு ஒன்பதரைக்குத் தம்பி போன் செய்தான். எதிரே எதுவும் தெரியாத பனிப்புயல், கார் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கிவிட்டது, இழுவை வண்டி வர ஒரு மணி நேரம் ஆகுமாம். குரலில் நடுக்கம்.

"இஞ்சின் ஓடுதா?"

"ஓடுது அக்கா. ஹீட்டர் போட்டிருக்கேன்."

"உடனே அணை. இறங்கி, பின்னால் புகைக்குழாய் பனியில் புதைஞ்சிருக்கா பார்."

புதைந்துதான் இருந்தது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு காருக்குள் நிரம்பினால் தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும், அப்படியே முடிந்துவிடும். கையால் தோண்டிக் குழாயைச் சுற்றி ஒரு முழம் இடம் விடச் சொன்னேன். பத்து நிமிடம் மட்டும் ஓட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கு, பிறகு அணை, மறுபடி ஓட்டுவதற்கு முன் மறுபடி குழாயைப் பார். அபாய விளக்கு எரியட்டும். காரை விட்டு நடக்காதே. பின்னால் நான் வைத்திருந்த கம்பளியைப் போர்த்திக்கொள்.

போனை வைக்காமலே இருந்தேன். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அவன்தான் வைத்தான். பதினொன்றே காலுக்கு வீட்டு வாசலில் இறங்கியபோது புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. திட்ட வேண்டும் என்று வைத்திருந்த சொல் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

பனி அகற்றும் வண்டி நள்ளிரவில் போய்விட்டது. வாசலில் இடுப்புயரத்துக்கு இறுகிய கரை. அள்ளினேன், ஓய்ந்தேன், அள்ளினேன். உடம்பெல்லாம் வலி, வேறு எழுத வலுவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

ஒரு வாரமாக இரவிலும் 7 டிகிரிக்குக் கீழே போகவில்லை. டயர்களைக் கழற்றினோம். இந்த முறை தம்பியே ஜாக்கி வைத்துத் தூக்கினான். டயர்க் கட்டைகளுக்கு இடையிலான பள்ளத்தின் ஆழத்தை அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்தான்: முன்னிரண்டும் 5 மில்லிமீட்டர், பின்னிரண்டும் 6. 4க்குக் கீழே போனால் பனியில் நம்ப முடியாது. இன்னொரு குளிர்காலம் தாங்கும்.

கட்டைகளுக்கு இடையே சிக்கியிருந்த கூழாங்கற்களைக் குச்சியால் நெம்பி எடுத்து, உப்பு போகக் கழுவி, வெயிலில் காயவைத்தோம். அடுத்த முறை முன்னும் பின்னும் இடம் மாற்றி மாட்ட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றின்மேலும் சுண்ணக்கட்டியால் எழுதினான். முன் இடம், முன் வலம், பின் இடம். நாலாவதை எழுதும்போது சுண்ணக்கட்டி ஒடிந்துவிட்டது. இருந்த துண்டை வைத்து மெதுவாக எழுதி முடித்தான்.