பொம்மை கார்களை வெளியே எடுங்கள்

லீவு நாளில் பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் கிடக்கும் பொம்மை கார்களை எடுத்துப் போடுங்கள். கூரியரில் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு முனையை சோபாவில் சாய்த்தால் சரிவுப் பாதை தயார், அதில் பாதி அகலத்துக்கு ஒரு துண்டை விரித்து இரண்டு கார்களையும் ஒன்றாக விடச் சொல்லுங்கள், துண்டில் போகிற கார் ஏன் திணறுகிறது என்று அவர்களே கேட்பார்கள், உராய்வு பற்றி நாம் பாடம் எடுக்கவே வேண்டாம்.

அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்தது, சக்கரத்தை வாட்டர் கலரில் உருட்டி வெள்ளைத் தாளில் ஓட்டுவது. ஒவ்வொரு டயரின் தடமும் ஒவ்வொரு மாதிரி விழும். எந்தத் தடம் எந்தக் காருடையது என்று கண்டுபிடிக்கவே போட்டி நடக்கும். விளையாடி முடித்ததும் கார்களைக் கழுவுவது தனிக் கொண்டாட்டம்!

கோடையில் நுங்கு கிடைத்தால் விடாதீர்கள். நுங்கு எடுத்த காய் இரண்டை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் நுங்கு வண்டி. குச்சி சீவுவது மட்டும் பெரியவர்கள் வேலை.

மூன்று வயதுக்குள் என்றால் சக்கரம் கழன்று வரும் குட்டிக் கார்கள் வேண்டவே வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள்.