வாசிப்பு நின்ற இடம்

கோடம்பாக்கத்தில் ஒரு சிறிய ஸ்டுடியோவில், காது கேளாதவர்கள் படம் பார்ப்பதற்காகத் தமிழ்ப் படங்களுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் எழுதும் வேலையைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். வசனம் மட்டுமல்லாமல், கதவு தட்டப்படுவதையும் தொலைவில் நாய் குரைப்பதையும்கூட எழுத வேண்டும். சென்ற ஆண்டு ‘தில்லானா மோகனாம்பாள்’ என் மேசைக்கு வந்தபோது, அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடும்படி மேலாளரிடம் கேட்டுக்கொண்டேன். நாற்பத்திரண்டு வயதுவரை அந்தப் படத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை. டிவியில் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

காரணம் அப்பா. மாம்பலம், சைதாப்பேட்டைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் நாதஸ்வரம் வாசித்தவர். முகூர்த்தத்துக்கு முன் அவர் காம்போதி ராகத்தை எடுத்து நிதானமாக விரிக்கும்போது, பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மாலை வரவேற்பில் மட்டும் யாராவது அருகில் வந்து, “சிவாஜி வாசிப்பாரே, அந்த நலந்தானாவை எடுத்துவிடுங்க” என்பார்கள். அப்பா ஒருநாளும் மறுத்ததில்லை. வீட்டுக்கு வந்து, நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, காய்ந்து வெடித்த உதட்டில் அவர் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவருடைய வித்தை முழுவதையும் ஒரே பாட்டுக்குள் அடைத்துவிட்ட படம் என்று அதன்மீது தீராத கோபம் இருந்தது.

“நாதஸ்வரம் தெரிஞ்சவங்க இங்க நீங்க ஒருத்தர்தாம்மா” என்று மேலாளர் சொன்னபிறகு மறுக்க முடியவில்லை.

ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் 1968இல் படமாக்கினார். அதில் சிவாஜி நடித்த நாதஸ்வர வித்வான் சிக்கல் ஷண்முகசுந்தரத்துக்காக நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்ததுதான். நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது தெரிந்தது வேறு. ஏழு துளைகளின்மேல் சிவாஜியின் விரல்கள் எழுந்து விழுவதையும், மூச்சை அடக்கும்போது கன்னம் உப்பிக் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்த்து, இது வாசிக்காதவருடைய கழுத்து என்று என்னால், அதுவும் அப்பாவின் கழுத்தைப் பார்த்தே வளர்ந்த என்னால், சொல்ல முடியவில்லை.

படத்தின் தொடக்கத்தில், திருவிழாவில் வாசித்துக்கொண்டிருக்கும் ஷண்முகசுந்தரம் வேட்டுச் சத்தம் எழுந்ததும் வாசிப்பை நிறுத்திவிடுகிறார். அந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். இரைச்சலுக்கு நடுவே வாசிக்க மாட்டேன் என்று சொல்லும் ஒரு நாதஸ்வரக்காரரை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தேன். மண்டபத்து மைக்கில் பெயர் அறிவித்தாலும், பந்தியில் பாத்திரம் உருண்டாலும் அப்பா நிறுத்தியதே இல்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு அழைப்பு வர வேண்டுமே.

முதல் பிரதியில் நான் அந்த இடத்துக்கு “நாதஸ்வரம் நிற்கிறது” என்றும், அதற்கடுத்து “வேட்டுச் சத்தம்” என்றும் எழுதியிருந்தேன். எங்கள் பிரதிகளைச் சரிபார்க்கும் பெண் பிறவியிலேயே காது கேளாதவர். அவர் ஒரு தாளில், “வெடிக்கும் முன்பே ஏன் நிறுத்தினார்?” என்று எழுதிக் காட்டினார். என் வரிசைப்படி பார்த்தால் காரணமே இல்லாமல் ஒரு மனிதர் கோபித்துக்கொள்கிறார். எனக்குக் கேட்டதால் நான் கவனிக்கவில்லை. வரி திரையில் தோன்றும் நேரத்தைக் குறிக்கும் டைம்கோடைத் திருத்தி வேட்டுச் சத்தத்தை முன்னால் கொண்டுவந்தேன். வாசிப்பு நின்றபிறகும் தொடரும் வேட்டுச் சத்தத்தை மறுபடியும் ஒருமுறை எழுதினேன்.

‘நலந்தானா’ பாட்டைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டேன். காயம்பட்டுத் தேறி வந்தவரைச் சபை நடுவே நேரில் விசாரிக்க முடியாத நாட்டியக்காரி மோகனா (பத்மினி), ஆடிக்கொண்டே விசாரிக்கிறாள். கண்ணதாசனின் வரியும் சுசீலாவின் குரலும் பத்மினியின் கண்ணும் கேட்பது ஒரே கேள்வியைத்தான். அதற்கு ஷண்முகசுந்தரம் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது, வாயில் நாதஸ்வரம் இருக்கிறது. மண்டபத்தில் அதைக் கேட்டவர்கள் எதை நினைத்துக்கொண்டு கேட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா ஏன் மறுத்ததில்லை என்பதும் கொஞ்சம் விளங்கியது. அவர் இருந்திருந்தால் அன்று இரவே கேட்டிருப்பேன்.

பாட்டு வரிகளுக்கு இடையே “நாதஸ்வரம் பதில் சொல்கிறது” என்று எழுதிக் கொடுத்தேன். சரிபார்க்கும் பெண் அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘பதில் சொல்கிறது’ என்பதை அடித்துவிட்டு, திரையில் சிவாஜியின் கண்களை விரலால் தொட்டுக் காட்டினார். “நாதஸ்வரம்” என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பிரதியை அனுப்பினோம்.